ஒரு பக்கக் கப்பல்

பெட்டியைத் திறந்ததும் வந்தது நன்றாகக் காய்ந்த மரத்தின் வாசனை. திருவனந்தபுரத்தில் மழைக்காலத்தில் இருந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். "எடவப்பாதி" மழை பிடித்துவிட்டால் எங்கள் வலியசாலை வீட்டில் எதுவும் காயாது. கொடியில் போட்ட பாவாடை நாள்கணக்கில் ஈரமாகவே தொங்கும், பள்ளிக்கூட ஷூவுக்குள் பச்சையாகப் "பூப்பல்" பிடிக்கும், பீரோவைத் திறந்தாலும் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே பூஞ்சை நாற்றம். அந்த வீட்டில், அந்த மழையில், எங்கோ வெயிலில் கிடந்து காய்ந்த ஒரு மரம் மணந்தது. நான் முகத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. சரக்குக் கப்பலில் எஞ்சினீயர். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் வாங்கினாராம். மேலட்டையில் எல்லாப் பாய்களும் விரித்த ஒரு கப்பல் கம்பீரமாக நின்றது. உள்ளே கப்பல் இல்லை, குச்சிகள்தான் இருந்தன. ரப்பர் பாண்டு போட்ட மெல்லிய மரக் கீற்றுக் கட்டுகள், அச்சுப் பதித்த இரண்டு மூன்று பலகைகள், குண்டூசியைவிடச் சின்னப் பித்தளை ஆணிகள், நூல்கண்டு, கொஞ்சம் துணி, பிறகு படுக்கை விரிப்பு அளவுக்கு ஒரு வரைபடம். பிளாஸ்டிக் பொம்மைபோல் இரண்டு பாதியைச் சேர்த்து அழுத்தினால் கப்பலாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நீளமான ஒரு முதுகெலும்பு, அதில் குறுக்கே செருகும் விலா எலும்புகள், அதன்மேல் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டிய கீற்றுகள் என்று நிஜக் கப்பல் கட்டுவதுபோலவே கட்ட வேண்டும். குறிப்புகள் எங்களுக்குத் தெரியாத ஏதோ பாஷையில் இருந்தன.

"ரெண்டு பேருமாப் பண்ணுங்கோ," என்றார் சித்தப்பா. "நவராத்திரிக்கு நான் வருவேன். யார் பண்ணி முடிக்கறாளோ அவாளைக் கொச்சிக்கு அழைச்சிண்டு போய் என் கப்பல்ல ஏத்திக் காட்டறேன். எஞ்சின் ரூம் வரைக்கும்."

இரண்டு பேர் என்றது என்னையும் என் அண்ணா சங்கரனையும். நான் ஆறாம் வகுப்பு, அவன் எட்டாம் வகுப்பு. அண்ணா ஒரு சாயங்காலம் உட்கார்ந்தான். பசையில் விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. "இது நடக்கற காரியமில்லே" என்று மட்டையை எடுத்துக்கொண்டு விளையாடப் போனவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொச்சிக்குப் போகப்போவது நான்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கப்பலில் ஏறுவதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்றுகூடச் சித்தப்பாவிடம் கேட்டு வைத்திருந்தேன்.

ஆனால் மரம் லேசில் மசியவில்லை. முதலில் விலா எலும்புகள் நேராக நிற்கவில்லை. இழைத்துச் சரிசெய்யாமல் ஒட்டியதால் ஒன்று முன்னால் துருத்தியது, ஒன்று உள்ளே பதுங்கியது. பிடுங்கிவிட்டு மறுபடி ஒட்டினேன். கீற்றை வளைத்தால் முறிந்தது. வெந்நீரில் ஊறவைத்தால் வளைகிறது என்று கண்டுபிடித்து, குளிக்கிற வெந்நீரில் ஊறப்போட்டுப் பித்தளைச் சொம்பைச் சுற்றிக் கட்டிவைத்தேன். ஈரம் காயும்வரை பொறுக்க வேண்டும் என்பது தெரியவில்லை, தெரிந்தாலும் அந்த மழையில் எது காய்ந்தது? ஈரத்தோடு ஒட்டிய கீற்றுகள் எப்போதோ இரண்டு நாள் வெயில் அடித்ததும் சுருங்கி, நடுவில் தீக்குச்சி நுழைகிற மாதிரி இடைவெளி விட்டுவிட்டன. பிறகு அடுக்களையில் அடுப்புக்கு மேலே கீற்றுகளைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒட்டிய இடம் அசையாமல் இருக்கக் கொடியிலிருந்து கிளிப்புகளை உருவினேன். அம்மா உலர்த்திய வேட்டியெல்லாம் முற்றத்துச் சேற்றில் விழுந்து கிடந்த அன்று முதுகில் இரண்டு அடியும் கிடைத்தது.

எல்லாவற்றையும்விடப் படுத்தியது கப்பலின் மூக்கு. நடு வயிற்றில் ஒழுங்காகப் படுத்திருந்த கீற்றுகள் முன்முனைக்கு வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. இடம் போதவில்லை. ஏன் போதவில்லை என்று நான் வாரக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். அம்மா ஒருநாள் உப்பேரி வறுக்க நேந்திரங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். காயை நீளவாக்கில் கீறி உரித்துப் போட்ட தோல் ஒவ்வொன்றும் நடுவில் அகலமாகவும் இரண்டு முனையிலும் கூராகவும் கிடந்தது. நான் ஒரு தோலை எடுத்துக்கொண்டு ஓடினேன். கீற்றின் இரண்டு முனையையும் கத்தியால் ஒடுக்கிச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து வைத்தேன். சரியாக உட்கார்ந்தது. அம்மா வாசற்படியில் வந்து நின்று பார்த்துச் சிரித்தாள். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு சந்தோஷம் பிறகு இரண்டொரு தடவைதான் வந்திருக்கும்.

புரட்டாசி நெருங்கியது. வரைபடத்தில் கீற்றுகளுக்கு எண் போட்டிருந்தது. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, மறுபடி வலது என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். நான் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு வந்தேன். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் அரசு ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்தார்; அந்த வருஷம் கொலுவுக்கு அவர் ஆபீசிலிருந்து பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. கப்பலைக் கொலுவில் வைத்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்.

"ரெண்டு பக்கமும் என்னத்துக்கு? கொலுப்படியில வச்சா ஒரு பக்கந்தானே தெரியும். மத்தது சுவரைப் பார்த்துண்டுன்னா இருக்கப்போறது. முன்பக்கத்தை முடி, மதி."

அவர் சொன்னதில் எங்கள் வீட்டு நியாயம் இருந்தது. கொலுப் பொம்மை எதையாவது திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் பட்டும் நகையும் ஜொலிக்கிற தேவிக்குப் பின்னால் வர்ணம்கூட இருக்காது, வெறும் மண்தான். அதை யாரும் குறை சொன்னதில்லை. நானும் குறை சொல்லாமல் முன்பக்கத்தை மட்டும் மளமளவென்று ஒட்டி முடித்தேன். பசை காயக் காய, ஒட்டிய பக்கம் இழுக்க, பிடித்து நிறுத்த மறுபக்கத்தில் கீற்று இல்லாமல், முதுகெலும்பு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. நேரே நின்று பார்த்தால் தெரியாது, மேலிருந்து பார்த்தால் தெரியும். எதற்காக மாற்றி மாற்றி ஒட்டச் சொன்னார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் அழுதேன். அப்பா, "யார் ஏணி போட்டு ஏறிப் பார்க்கப்போறா?" என்றார்.

கொலு தொடங்கியது. அப்பாவின் மேலதிகாரியும் மனைவியும் வந்து, சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலின் முன் நின்றுவிட்டார்கள். "இது யார் பண்ணினது?" என்று அந்த மாமி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்:

"நம்ம சங்கரனாக்கும் பண்ணினது."

"மிடுக்கன்!" என்று மெச்சினாள் மாமி.

அப்பா பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார், அண்ணா திருத்துவான் என்று நினைத்தேன். அண்ணா என்னை ஒரு தரம் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அடுத்து வந்தவர்களிடமும் அப்பா அதையேதான் சொன்னார். அதற்கடுத்து வந்தவர்களிடம் அண்ணாவே பேசினான். வெந்நீரில் ஊறவைப்பது, முனையை ஒடுக்குவது என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் விளக்கினான். ஆயுத பூஜைக்கு என் கத்தியையும் உப்புத்தாளையும் அப்பா எடுத்து அண்ணாவின் புத்தகக் கட்டின்மேல் வைத்துச் சந்தனம் இட்டார். பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது என்பதால் என்னால் அதை எடுக்கவும் முடியவில்லை.

சித்தப்பா அன்றைக்குச் சாயங்காலம் வந்து சேர்ந்தார். கப்பலைப் பார்த்து அண்ணாவைத் தட்டிக் கொடுத்தார். பொறுக்க முடியாமல் நான் எல்லாருக்கும் கேட்கும்படி, "சித்தப்பா, அதை நான்தான் பண்ணினேன். அண்ணா தொடவே இல்லை," என்று சொன்னேன்.

அப்பா சிரித்தார். கோபித்திருந்தால்கூட இவ்வளவு காலம் எரிந்திருக்காது. "ஆமாண்டா, அவளும் கூடமாட ஒத்தாசை பண்ணினா. பசை எடுத்துக் குடுக்கறது, கீற்றை எடுத்துக் குடுக்கறது, அதெல்லாம் அவளாக்கும்."

சித்தப்பா என் கையைப் பார்த்தார். விரல் நுனிகளில் காய்ந்த பசை செதிலாக உரிந்துகொண்டிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது, நான் அதைக் கண்ணால் கண்டேன். ஆனால் தன் அண்ணனை எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. "அடுத்த தடவை ஒன்னையும் அழைச்சிண்டு போறேன், கேட்டயா," என்றார். விஜயதசமிக்கு மறுநாள் அண்ணாவைக் கொச்சிக்கு அழைத்துப் போனார். அம்மா அவனுக்குத் தயிர் சாதம் கட்டிக்கொடுத்தாள்.

ரயிலுக்கு அவர்கள் கிளம்பிப் போன பிறகு அடுக்களைக்குப் போய், "நீ பார்த்தியே அம்மா, நீ ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். அம்மா பாத்திரத்திலிருந்து தலையை எடுக்காமல், "சாரமில்லே, போட்டும், விட்டுடு. நாளைக்கு ஒன்னைப் பொண்ணு பார்க்க வரவாகிட்ட இவள் கப்பல் பண்ணுவாள்னு சொல்லிண்டிருக்க முடியுமா?" என்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடத் தெரியுமா என்று கேட்டார்கள்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அண்ணா கப்பல் எஞ்சினீயரிங் படித்தான், நன்றாகவே படித்தான், அதை மறுக்கமாட்டேன். நேர்முகத் தேர்வில் சின்ன வயதில் கப்பல் செய்த கதையைச் சொன்னதாக அவனே என்னிடம் சொன்னான், எந்தக் கூச்சமும் இல்லாமல். அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது நிஜமாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நான் காமர்ஸ் படித்து, ஒரு வங்கியில் வேலை பார்த்து, இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன்.

வலியசாலை வீட்டை விற்றாகிவிட்டது. அங்கே இப்போது நாலு மாடி நிற்கிறது, கீழே கார்கள். கப்பல் அதற்கு முன்பே போய்விட்டது; பரணில் கறையான் பிடித்து, அம்மா ஒரு மழைக்காலத்தில் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாளாம். கொலுப் பொம்மைகளை ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டார்கள். அப்பா இல்லை, சித்தப்பாவும் இல்லை.

அம்மா போன மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒருநாள் காலையில் நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து, விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டுத் தானாகச் சொன்னாள்: "அந்தக் கப்பலை நீயாக்கும் பண்ணினே. கை பூராப் பசையோட சாப்பிட வருவே. எனக்குத் தெரியாதா?" இந்த ஒரு வார்த்தைக்காக நான் கிழவியாகும்வரை காத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சீப்பை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் வந்தார், கூடவே அண்ணாவும் வந்தான். மகனா என்று டாக்டர் மலையாளத்தில் விசாரித்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது. "என் பிள்ளை. கப்பல்ல பெரிய எஞ்சினீயரா இருந்தவன். எட்டாம் கிளாஸ் படிக்கறச்சேயே தனியா ஒரு கப்பல் பண்ணினானாக்கும்," என்றாள்.

அதைச் சொல்லி முடிக்கும்வரை அவள் என் கையை விடவில்லை.