கேள்வி கேட்காத ஒரு மணித்தியாலம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, கட்டுகஸ்தோட்டைக்கு வந்து சீமெந்து மூட்டை சுமந்து, சுமந்த அதே தெருவில் இன்று மூன்று மாடியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை; சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். படிவம் நிரப்புவதிலும் நான் யாருக்கும் குறைந்தவன் அல்ல. வங்கி, மாநகர சபை, பொலிஸ், எங்கும் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதனால்தான் மகளுடைய படிவத்தையும் அவள் கையிலிருந்து வாங்கி நானே நிரப்பினேன்.

கடைசி மகள். அப்போது இருபது வயது. தாய் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகியிருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு அவளுக்கு மனம் சுகமில்லாமல் போனது. முதலில் வெளியே வருவதை நிறுத்தினாள், பிறகு சாப்பாட்டை, பிறகு பேச்சை. ஒரு வருட மருந்தில் மெல்லத் தேறினாள். மாதம் ஒரு தடவை, மனநல கிளினிக்கிலிருந்து ஒரு மிஸ் அவளைப் பார்க்க வீட்டுக்கே வருவார். யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை. அவர் கொண்டுவந்த படிவத்தில் முதல் வரி, "எனது இலக்கு". நான் கண்ணாடியைப் போட்டு, அலுமாரியிலிருந்து மகளின் அடையாள அட்டையை எடுத்து, பன்னிரண்டு எண்களையும் அச்சடித்தது போல் எழுதினேன்.

மிஸ் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். "ஐயா, நீங்கள் எழுதினது இலக்கம். நான் கேட்டது இலக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?"

மகள் தலையை நிமிர்த்தாமல், "அடுத்த மூணு மாசத்துல எனக்கு என்னா வேணும்னு கேக்குறாங்கப்பா" என்றாள்.

"அதுவா! கம்பியூட்டர் கோர்ஸ் முடிச்சிட்டு கடையில வந்து உக்காரணும். எழுதுங்க மிஸ்."

"அது உங்கட இலக்கு, ஐயா. அவ சொல்லட்டும்."

நான் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். மிஸ் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். கடைசியில் மகள் சொன்னாள்: "கிழமைக்கு ஒரு நாள், ஒரு மணித்தியாலம் தனியா வெளிய போகணும். எங்க போன, என்னா செஞ்சன்னு யாரும் கேக்கக் கூடாது."

இதெல்லாம் ஒரு இலக்கா என்று எனக்குத் தோன்றியது. மிஸ் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அப்படியே எழுதிக்கொண்டார். போன் கையில் இருக்க வேண்டும், மருந்து தவறக் கூடாது, மனம் சரியில்லை என்றால் உடனே மிஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும் என்று இருவரும் பேசி முடித்தார்கள். "கேள்வி கேக்கிறது இனி என்ர வேலை. உங்களுக்கு லீவு, ஐயா" என்றார் என்னிடம்.

முதல் வியாழக்கிழமை மூன்று மணிக்குக் குடையோடு போனாள். நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையே வரவில்லை. பஸ் கண்டக்டர் கடைக்குள் எட்டிப் பார்த்து, "முதலாளி, மகள் பாலத்துல நிக்குது" என்றான். பேக்கரிக்காரர் போன் எடுத்து, பணிஸ் வாங்கியதைச் சொன்னார். அவள் வீட்டு வாசலுக்கு வருமுன்னே எனக்கு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது.

அன்று மாலை, கேள்வியும் இல்லை, குற்றமும் இல்லை என்ற நினைப்பில், "பணிஸ் நல்லாருந்துச்சாம்மா?" என்றேன்.

முகம் அப்படியே மூடிக்கொண்டது. அறைக் கதவும். மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டு பாதியாகவே திரும்பி வந்தது. ஒரு வருடம் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு பணிசோடு போய்விடுமோ என்று பயந்தேன்.

"நான் கேக்கலயேம்மா. அவங்களா சொன்னாங்க" என்றேன் கதவுக்கு வெளியே நின்று.

"இந்த ஊர்ல ஒங்களத் தெரியாத ஆள் யாராச்சும் இருக்காங்களாப்பா?"

இதே வார்த்தையைக் கல்யாண மேடைகளில் எத்தனையோ பேர் என்னைப் புகழ்ந்து சொல்லியிருக்கிறார்கள். அறைக்குள்ளிருந்து வந்தபோது வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். "என் மகளைக் கண்டா எனக்குச் சொல்லாதீங்க." பேக்கரிக்காரர் பயந்துபோய், "ஏதும் பிரச்சினையா முதலாளி?" என்றார். மீன்காரி, "பொடியன் யாரு?" என்றே கேட்டுவிட்டாள். எதிரே புடவைக் கடை வைத்திருக்கும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் பெரியவருக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்ப எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியாது. கட்டுகஸ்தோட்டையில இது மொத தடவ, முதலாளி!"

அடுத்த கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்த கிழமை போனாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது கிலோ மூட்டையைச் சுமந்து மூன்று மாடி ஏறியவன் நான். ஒரு மணித்தியாலம் ஒன்றும் தெரியாமல் கதிரையில் உட்காருவது அதைவிடப் பாரம். திரும்பி வந்தவளின் செருப்பில் செம்மண். ஆற்றோரமா, மேட்டுப் பாதையா? இதுவும் கேள்விதான் என்று கண்ணை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிந்திய வியாழன் நான்கு மணி கடந்தது. நாலேகால். நாலரை. அவள் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மிஸ்ஸின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது நானா தெருவைக் கடந்து வந்தார்.

"மகள நான் இப்பத்தான் கண்ட. எங்கண்டு செல்லவா, வாணாமா?"

'எங்கே' என்ற சொல் என் பல்லில் வந்து நின்றது. "நல்லா இருக்காளா? அத மட்டும் சொல்லுங்க நானா."

"நல்லா ஈக்கி. சிரிச்சிக்கிட்டு ஈக்கி."

"போதும்! மிச்சத்த வாய்க்குள்ளயே வச்சிக்குங்க."

பத்து நிமிடத்தில் வந்தாள். "லேட்டாயிருச்சிப்பா. போன் சத்தம் கேக்கல்ல." "சரிம்மா" என்று ஆணிப் பெட்டியை அடுக்கத் தொடங்கினேன். முன்பே அடுக்கிய பெட்டி.

மிஸ் வந்தபோது நானே முந்திக்கொண்டு சொன்னேன்: "ஒரு நாள் நானாகிட்ட பாதி கேட்டுட்டேன், நல்லா இருக்காளான்னு." மிஸ் மகளைப் பார்த்தார்.

மகள் யோசித்தாள். "நல்லா இருக்கியான்னு கேக்கலாம். ஆனா எங்கிட்டதான் கேக்கணும், நானாகிட்ட இல்ல. அதையும் எழுதுங்க மிஸ்." பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு மணித்தியாலம் என்பதில் 'ஒரு' என்பதை வெட்டி, 'இரண்டு' என்று அவளே எழுதினாள்.

சிரித்தாளாம். எதைப் பார்த்து? அவள் சிரித்து நான் கண்டு இரண்டு வருடம். நானா தினமும் எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார், அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.