புகை வராத வியாழக்கிழமை

போன வியாழக்கிழமை எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கொடியிலும் துணி. போர்வை, பாவாடை, ஸ்கூல் யூனிஃபாரம்... இடம் போதாமல் கேட் கம்பியில்கூடத் தொங்கியது.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? பம்மலில் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். தெருக்கோடியில் ஆஸ்பத்திரிக் குப்பையை எரிக்கிற ஆலை. பஞ்சும் பேண்டேஜும் பிளாஸ்டிக்கும் கருகும் புகை எங்கள் பக்கம்தான் சாயும். புகைபோக்கியை அண்ணாந்து பார்க்காமல் இங்கே யாரும் ஈரத் துணியை உதறுவதில்லை.

பக்கத்து வீட்டு மேரியின் மகள் ஜெசிக்கு வீசிங். அவள் பள்ளிக்கூடம் போன நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம். புகை கிளம்பினால் ஜன்னலை அடைத்து உள்ளேயே உட்கார வைத்துவிடுவாள் மேரி.

அன்றைக்குத் தாம்பரத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகள் ஆலையைப் பார்க்க வந்தார்கள். பார்த்ததை எழுதி மாநகராட்சி ஆபீசுக்கு அனுப்பப் போவதாக அவர்கள் சார் முன்பே சொல்லியிருந்தார். நாங்கள் கொடுத்த மனுவைப் புரட்டாதவர்கள், பிள்ளைகள் எழுதினால் படிக்க மாட்டார்களா? மேரி அதைத்தான் நம்பியிருந்தாள்.

விடிந்தது. புகை இல்லை!

ஒரு வாரத்து அழுக்கு மூலையில் குவிந்து கிடக்கும்போது யாருக்கு யோசிக்கத் தோன்றும்? தெருவே துவைத்தது. நானும்தான். யூனிஃபாரமும் கொடியில் ஏறிவிட்டதால் ஜெசி பள்ளிக்கூடம் போகாமல் வாசலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடினாள்.

ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்களையும் விசாரிக்கப் பிள்ளைகள் தெருவுக்குள் வந்தார்கள்.

"உள்ளே என்னம்மா எரிச்சாங்க?" - ஒரு மாணவியிடம் மெல்லக் கேட்டேன்.

"அட்டைப்பெட்டி ஆன்ட்டி. சூப்பரா எரிஞ்சுது."

மேரி நேராக சாரிடம் போனாள். "தெனம் கரும்புகை சார். எம் பொண்ணால மூச்சு வுட முடியல."

"எந்தப் பொண்ணும்மா?"

மேரி கையை நீட்டினாள். அங்கே ஜெசி ஒற்றைக் காலில் தாவிக்கொண்டிருந்தாள்.

சார் கொடியையும் பார்த்தார். "துணியெல்லாம் பளிச்சுன்னு காயுதேம்மா..."

கிண்டல் இல்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார், பாவம்.

"டேய், நம்ம ஹாஸ்டல் துணிகூட இவ்ளோ வெள்ளை இல்லடா!" என்றான் பின்னால் ஒருவன். சிரிப்பு.

எனக்கு நாலு பேர் எதிரில் நாக்கு எழாது. அதனால்தான் உங்களிடம் எழுதிப் புலம்புகிறேன். ஆனால் வாய் திறந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? எங்கள் துணியே எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்ததே!

மேரி மகளைக் காட்டியே சொன்னாள்.

"அப்போ தெனமும் பசங்கள இட்டுகினு வந்துடுங்க சார். இவளாவது ஆடிக்கினு கெடக்கட்டும்."

ஜோக் என்று நினைத்து சாரும் சிரித்தார். பிள்ளைகள் டாட்டா காட்டிவிட்டு பஸ் ஏறினார்கள்.

மறுநாள் காலையே புகை வந்துவிட்டது. மேரி வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது. ஜெசி போட்ட சாக்பீஸ் கட்டத்தின் மேல் கரி விழுந்துகொண்டிருந்தது.

பார்க்க ஆள் வருகிற அன்றைக்கு நல்ல பிள்ளையாக இருக்க அந்த ஆலைக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் அன்றைக்கு நோயாளியாக இருக்கத் தெரியவில்லை.