பெற்றீசியாவின் பங்கு

என் தங்கை பெற்றீசியா ஐந்தாம் வகுப்பை மூன்று வருடம் படித்தாள். தோற்றுப்போனதால் அல்ல. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்துக்கு மேல் வகுப்பு இல்லை. ஹட்டன் டவுனுக்குப் போய் ஆறாம் வகுப்பு படிக்க வேண்டும், டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து அதுவரை ஒரு பிள்ளையும் ரயிலேறிப் படிக்கப் போனதில்லை. அப்பா இல்லாத வீடு. பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப அம்மாவுக்குப் பயம். அதனால் அவள் அதே பெஞ்சில், அதே புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தாள்.

ஐம்பத்தொன்பதில் ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், எங்கள் பள்ளிக்கூடத்துக் கந்தப்பன் மாஸ்டர் கொடுத்த பழைய பேப்பரை லயத்து வாசலில் நின்று சத்தமாக வாசித்தாள். இலங்கையும் மலாயாவும் படிப்புக்குச் செய்யும் செலவை ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். பிள்ளை ஒன்றுக்கு ஆகும் செலவு மலாயாவில் கொஞ்சம் கூடுதலாம். ஆனால் நாட்டின் வருமானத்தில் படிப்புக்கென்று ஒதுக்கும் பங்கு இலங்கையில்தான் பெரிதாம். கேட்டவர்களுக்குப் பெருமை. அம்மா மட்டும் 'பிள்ளை ஒன்றுக்கு' என்ற வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

தோட்டத்தில் எங்களுக்கு எதுவும் பேர் சொல்லித்தான் வரும். அரிசி தலைக்கு இவ்வளவு, கம்பளி ஆளுக்கு ஒன்று. படிப்பும் அப்படித்தான் என்று அம்மா நினைத்துவிட்டார். அடுத்த அரிசி போடும் நாளில் ஸ்டோர் வாசலை விட்டு நகரவில்லை.

"வாங்கியாச்சே தெரேசா, இன்னும் என்னா?" என்றார் கிளாக்கர்.

"அரிசி இல்லீங்கய்யா. படிப்புக்குன்னு சர்க்கார் தலைக்கு இவ்வளவுன்னு போட்டிருக்காமே. எம் மக பேருக்கு உள்ளதைக் குடுங்க. ரயில் சீசன் டிக்கெட்டுக்கு ஆகும்."

வரிசையே சிரித்தது. "சாக்கு கொண்டாந்திருக்கியா, சின்னப் பையே போதுமா?" என்று பின்னாலிருந்து மூக்கன் கேட்டான்.

கிளாக்கர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மலாயாவுக்குப் போ தெரேசா. அங்கதான் கூடப் போடுறாங்களாம்."

"அங்க உள்ளது அங்க உள்ள புள்ளைங்களுக்குங்க. எம் மகளோடது எங்கங்கய்யா?"

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

இதைக் கேட்டால் பெற்றீசியா வெட்கப்பட்டு அழுவாள் என்று நினைத்தேன். கேட்டதும் அவள் அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அது கையில குடுக்கிற காசு இல்லம்மா. மொத்தச் செலவை எல்லாப் புள்ளைங்களுக்கும் வகுத்துப் பாத்திருக்காங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா அண்ணே, வகுக்கிறப்ப நம்மளயும் சேத்துத்தானே வகுத்திருப்பாங்க?" என்றாள்.

மாஸ்டரைக் கேள் என்றேன். மாஸ்டரிடம் கேட்டாள். அவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் எங்கள் சின்னம்மாவின் மகள் ஆறு வரை படித்தாள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அங்கேயும் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அதோடு நின்றுவிடும்.

"அப்ப ஒரு வகுப்பு கூட," என்றாள். அவளுடைய ஒப்பீடு அவ்வளவுதான்.

ஊரே சிரித்தாகிவிட்டது, இனி என்ன என்று அம்மாவின் பயம் போய்விட்டது. அடுத்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். டவுன் பள்ளிக்கூடத்தில் பெற்றீசியாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நன்றாக வாசிக்கிறாள், ஆனால் ஆறாம் வகுப்புக்கு வயது கடந்துவிட்டது என்றார்கள். ஐந்திலேயே காத்திருந்த வருடங்கள்தான் அந்தக் கூடுதல் வயது.

இது அறுபத்தைந்து. மாஸ்டருக்கு உதவியாக என் தங்கை சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். அவளிடம் படிக்கும் யாரையும் ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வருடம் உட்கார விடுவதில்லை. தாய் தகப்பனிடம் சண்டை போட்டாவது டவுனுக்கு அனுப்பிவிடுகிறாள். அன்றைக்குச் சாக்கு கேட்டுச் சிரித்த மூக்கனின் மகள் பூரணியும் இந்த வருடம் போகிறாள்.

சாயங்கால ரயிலுக்குப் பெற்றீசியா ஸ்டேஷனில் நிற்பாள். ஃபெக்டரியில் எனக்கு ஷிப்ட் முடிந்த நாட்களில் நானும் போவதுண்டு. பூரணி இறங்கியதும் என் தங்கை அவள் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொள்வாள்.

"இன்னைக்கு ஆறாம் வகுப்புல என்னா நடந்துச்சு?"

"பசிக்குது டீச்சர். ஊட்டுக்குப் போயி சொல்றேனே."

"அந்த மலை ஏத்தம் வரைக்கும் நடந்துகிட்டே சொல்லு."