மூக்காயி நட்ட கருப்பர்

வல்லத்திராக்கோட்டைக் காட்டில் இருக்கிற கருப்பர், மூக்காயி சொன்ன ஒரு பொய்யில் பிறந்தவர். ஊரில் இது ஒருவருக்கும் தெரியாது.

அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. மகாராஜா வேட்டையாடிய காடு. மானும் முயலும் காலில் இடறும். அந்தக் காட்டை வெட்டித் தைலமரம் வைக்க ஆள் எடுத்தார்கள். இவளும் கூலிக்குப் போனாள். மூன்றாம் நாள், ஓர் உசிலை மரத்தடியில் அரிவாளோடு நிமிர்ந்தவளைக் கிளையிலிருந்து ஒரு தேவாங்கு பார்த்தது. வயிற்றில் குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. அடேயப்பா, என்ன கண்ணு அது! முகமே கண்தான். மரத்தை வெட்ட மனசு வரவில்லை. தேவாங்குக்காக என்று சொன்னால் மேஸ்திரி சிரிப்பார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கல்லை நட்டு, சேலையில் கிழித்த சிவப்புத் துணியை மரத்தில் சுற்றிவிட்டு, "மேஸ்திரி, இங்கிட்டுக் கருப்பர் இருக்காருங்க" என்றாள். அவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு ஆட்களை வேறு பக்கம் திருப்பினார்.

அப்புறம் காடு முழுக்கத் தைலமரம். ஊற்று வற்றியது, பறவைச் சத்தம் அடங்கியது. அந்த ஒரு மரத்தடியில் மட்டும் பழைய காடு மிச்சமிருந்தது. ஆடு மேய்க்கப் போகும்போதெல்லாம் மூக்காயி அங்கே உட்கார்ந்து, காரைப்பழமும் சூரைப்பழமும் மடி நிறையப் பறித்த நாட்களை நினைத்து ஏங்குவாள். தேவாங்குகள் இன்னும் அந்தக் கிளையில்தான் குடியிருந்தன.

போன பங்குனியில், சிங்கப்பூரிலிருந்து வந்த வெள்ளைச்சாமி மரத்தடியில் ஊரைக் கூட்டினான்.

"கருப்பர் மழையில நனையிறாரு. கான்கிரீட் மண்டபம் கட்டுவோம். மரத்த மட்டும் எடுக்கணும். பர்மிஷன் நான் வாங்கிட்டு வாரேன்."

மூக்காயி கிளையை நிமிர்ந்து பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடலாமென்று எழுந்தாள். அது சாமியே இல்லை, நான் நட்ட கல் என்றால் மண்டபம் நின்றுபோகும், சரி. சாமி இல்லாத மரத்தை மறுநாள் எவன் விட்டுவைப்பான்?

கண்ணை மூடினாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆடத் தொடங்கினாள்.

"எவன்டா எனக்குக் கூர கேட்டது? இந்த மரந்தான்டா எங் கோயிலு! கைய வச்சுப் பாரு!"

கூட்டம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. வெள்ளைச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தெரியாமச் சொல்லிட்டேன் சாமி, மன்னிச்சிரு" என்றான். மண்டபப் பேச்சு அதோடு முடிந்தது.

எல்லோரும் போன பிறகும் மூக்காயிக்கு நடுக்கம் நிற்கவில்லை. ஆட்டத்தைத் தொடங்கியது அவள்தான், அது நன்றாகத் தெரியும். அந்த வார்த்தைகளைச் சொன்னது யார் என்றுதான் தெரியவில்லை. நாற்பது வருஷமாக ஊர் கும்பிட்ட கல்லை அவள் ஒரு நாளும் கும்பிட்டதில்லை. அன்று கும்பிட்டாள்.

"பொய்யின்னு தெரிஞ்சேதான் கூப்புட்டேன். வந்துட்டியேய்யா!" என்று தேம்பித் தேம்பி அழுதாள்.