டயரைத் தட்டிப் பாரம் சொன்னவர்

கிளம்பும் முன் ஜாக்கிக் கம்பியால் டயரைத் தட்டிப் பார்க்காத லாரிக்காரர் கிடையாது. கணீரென்றால் காற்று இருக்கிறது, சொத்தென்றால் இல்லை. மற்றவர்களுக்கு அவ்வளவுதான். டொக்டொக் என்று பட்டப்பெயர் வாங்கிய இந்த மனிதருக்கோ டயர் முழுக்கதையும் சொல்லிவிடும். மேலே இருப்பது சிமென்டா சர்க்கரையா, எத்தனை டன், மூட்டைமேல் படுத்திருக்கும் கிளீனர் காலையில் சாப்பிட்டானா இல்லையா என்பது வரைக்கும். நம்ப மாட்டேன் என்றவர்களில் இரண்டு பேருக்கு இன்றும் முன்பல் கிடையாது.

ஒருநாள் பிற்பகல், லோடு புரோக்கராக இருந்த மச்சான், மனைவியின் தம்பி, ஒரு சரக்கு கொடுத்தான். தார்ப்பாய் ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்தது. பில்லில் பஞ்சு என்று போட்டிருந்தது. டொக்டொக் தட்டினார். கம்பி கையை உதறியது; பஞ்சுக்கு அப்படி உதறாது. மச்சான் முகத்தைப் பார்த்தார்.

"மாமா, டயருக்கு வாய் இருந்தா இருக்கட்டும். உங்களுக்கு வேண்டாம்," என்றான் அவன்.

வரிக்குப் பயந்து மறைக்கிற சரக்கு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார். உள்ளே இருந்தது செம்புக் கம்பி. நாலு மணி நேரம் முன்னால் அது வேறொரு லாரியில் இருந்தது. அந்த லாரிக்காரரை, நெட்டையர் என்பார்கள், உச்சி வெயிலில் மூன்று பேர் மறித்துக் கீழே இழுத்துப் போட்டார்கள். வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைந்தார்கள். அவருடைய ஜாக்கிக் கம்பியாலேயே அவர் முட்டியை உடைத்து, வாய்க்காலில் உருட்டிவிட்டுப் போனார்கள். இதெல்லாம் டயர் சொல்லாத செய்தி.

மாநில எல்லைச் சாவடியில் போலீஸ் தார்ப்பாயைக் கிழித்தது. முதலில் அடித்தார்கள், கேள்வி பிறகு வந்தது. மச்சான் போன இடம் தெரியவில்லை.

விசாரணையில் அரசு வக்கீல் தேன் தடவிக் கேட்டார், தட்டியே பாரம் சொல்வதெல்லாம் சும்மா பேச்சுதானே என்று. ஆமாம் என்றிருந்தால் தப்பித்திருப்பார். ஆமாம் என்று சொல்லும்படி பின்வரிசையில் மனைவி தலையைத் தலையை ஆட்டினாள். டொக்டொக்குக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பேச்சு இல்லீங்க. பஞ்சுக்கு ஒரு சத்தம், செம்புக்கு ஒரு சத்தம். கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன்."

பொய்ப் பில்லில் செம்பு போகிறது என்று தெரிந்தவனுக்குத் திருட்டு என்றும் தெரிந்திருக்கும் என்று எழுதி, ஏழு வருஷம் போட்டார்கள்.

சிறையில் ஒருவன், உன் வாயே உன்னை உள்ளே தள்ளியது என்று சிரித்தான். டொக்டொக் அவன் தலையைப் பிடித்துச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "உள்ள காலி" என்றார். மறுநாள் அவன் கூட்டாளிகள் தீட்டிய கரண்டிக் காம்பை அவர் விலாவில் இறக்கினார்கள். பதினொரு தையல்.

மேல்முறையீட்டுக்கு வந்த வக்கீலம்மா வழி ஒன்றுதான் என்றார். இவர் ஒரு புளுகர் என்று நீதிமன்றம் நம்ப வேண்டும். இவர் வாய் திறக்கக் கூடாது. டொக்டொக் முடியாது என்றார். மனுப் போட்டு அவரைப் பார்க்க வந்த மனைவி கம்பிக்கு வெளியே நின்று கேட்டாள்:

"அடுத்த குத்துல நீங்க போயிட்டா, புளுகாத பொணம்னு எழுதி வாசல்ல மாட்டணுமா?"

அதன் பிறகு தலையாட்டினார்.

விசாரணையன்று அவரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வக்கீலம்மா வெளுத்து வாங்கினார். வீண் ஜம்பம் எப்படிச் சாட்சியாகும், இவருடைய வித்தையை யாராவது சோதித்தார்களா, ரோட்டில் பாதி வண்டி அளவுக்கு மேல் ஏற்றித்தானே போகிறது என்று அடுக்கினார். கிளீனரின் காலைச் சாப்பாட்டுக் கதையையும் எடுத்துவிட்டார். இரண்டு நீதிபதிகளும் சிரித்தார்கள். டொக்டொக் உள்ளங்கையில் நகத்தை அழுத்தினார்; ரத்தம் வந்தது. முன்வரிசையில் ஊன்றுகோலோடு இருந்த நெட்டையர் மட்டும் சிரிக்கவில்லை.

தண்டனை ரத்தாகி, மூன்றாம் நாள் சிறை வாசலில் விட்டார்கள். எதிரே தார்ப்பாய் கட்டிய ஒரு லாரி. அதில் சாய்ந்தபடி நெட்டையர், இடது கையில் ஜாக்கிக் கம்பி.

"வாங்கண்ணே. தட்டிட்டுச் சொல்லுங்க," என்று கம்பியை நீட்டினார். "நெசமாவே புளுகர்னா, தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நானும் வீட்டுக்குப் போறேன்."

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள், தெரியாதென்று சொல்லித் தொலையுங்கள் என்று கெஞ்சினாள். டொக்டொக் கம்பியை வாங்கினார். ஆறு டயரையும் சுற்றி வந்து தட்டினார். கடைசி டயரிடம் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார்.

"மக்காச்சோளம். எட்டு டன். பின்னால இடப்பக்கம் நனைஞ்சிருக்கு."

நெட்டையர் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். சோளம்தான். இடப்பக்க மூட்டைகளில் ஈரம்.

"அப்போ அன்னைக்கும் தெரியும்."

"பஞ்சு இல்லன்னு தெரியும். உங்க ரத்தம் தெரியாது," என்று சொல்லி, டொக்டொக் கம்பியைத் திருப்பி அவர் கையில் கொடுத்தார்.

நெட்டையர் ஓங்கிய முதல் அடியிலேயே டொக்டொக்கின் முட்டி போய்விட்டது. இரண்டாவது, அவர் விழுந்த பிறகு விழுந்தது. யாருக்கும் கை ஓங்கத் தயங்காத மனிதர், அன்று இரண்டு கையையும் மண்ணில் ஊன்றியபடியே கிடந்தார். அலறியது மனைவிதான்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது, ஜாக்கி நழுவிவிட்டது என்றார். அவர்கள் போன பிறகு டாக்டரைக் கூப்பிட்டு, எக்ஸ்ரே எடுக்கும் முன்பே, எலும்பு மூன்று துண்டு என்று சொன்னார். அடி விழுந்த சத்தத்திலேயே தெரிந்ததாம்.

படத்திலும் மூன்றுதான்.