கதிர்வீச்சு மாஸ்க்கில் செய்த நட்சத்திரங்கள்

என் கணவர் சாலமனுக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் உரசியிருக்கும் என்று இரண்டு மாதம் விட்டுவிட்டோம். பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்றது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு முப்பது முறை கதிர்வீச்சு.

அப்போது தலை அசையக் கூடாது. அதற்காக ஒரு மாஸ்க் (வலைபோன்ற பிளாஸ்டிக் தகடு) செய்தார்கள். வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் அழுத்தினார்கள். சில நிமிடங்களில் அவர் மூக்கும் தாடையும் அதில் அப்படியே பதிந்து இறுகின. ஒவ்வொரு முறையும் அதை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். வெளியே வரும்போது நெற்றியெங்கும் கட்டம் கட்டமாகத் தடம் இருக்கும். பிரேசர் டவுனில் எங்கள் வீடு வந்து சேரும்வரை ஆட்டோவில் நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

கடைசி நாளில் டெக்னீஷியன் கேட்டார். "அண்ணா, மாஸ்க் வேணுமா? இல்லன்னா இங்கயே போட்டுடறோம்."

அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாயெல்லாம் வெந்து, பேச்சு நின்றிருந்தது.

"இந்தச் சனியன் வீட்டுக்கு எதுக்குங்க?" என்றேன்.

ஃபோனில் எழுதிக் காட்டினார்: 'கிறிஸ்மஸ் வருதே. சுடுதண்ணி வை.'

அவர் ஏசி மெக்கானிக். தகரம் வெட்டும் கத்தரியால் மாஸ்க்கைத் துண்டுகளாக்கினார். வெந்நீரில் போட்டதும் வெள்ளைத் துண்டு கண்ணாடிபோலத் தெளிந்து இளகியது. டம்ளரில் சுற்றினால் மணி. விரலால் இழுத்தால் நட்சத்திரம். பதினொன்று செய்து ஜன்னலில் மாட்டினார். மகள் ஜெனி செய்த கேக்கை முகர்ந்து மட்டும் பார்த்தார். அன்று சிரித்தார்.

ஈஸ்டருக்கு முன் நோய் நுரையீரலில் தெரிந்தது. "இனிமே வலி இல்லாம பாத்துக்கறதுதாம்மா நம்மால ஆகறது" என்றார் டாக்டர். மழைக்காலத்தில் சாலமன் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த வாரம்தான் எனக்கு உறைத்தது. தொட்டுப் பார்க்கும்படி அவர் முகத்தின் அச்சு ஒன்று இந்த வீட்டில் இருந்திருக்கிறது. அதை இளக்கி அழிக்க நான்தான் தண்ணீர் சூடாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு மணியை எடுத்தேன். மூக்கு இருந்த துண்டு அது. வெந்நீரில் போட்டால் பழைய வடிவம் வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. இளகியது, மெல்ல விரிந்தது. மூக்கு வரவில்லை. முகத்தில் படுவதற்கு முன் இருந்ததுபோல் தட்டையாகக் கிடந்தது.

"என்னம்மா பண்றே?" என்றாள் ஜெனி.

"ஒண்ணுமில்ல. தண்ணி காய வெச்சேன்."

உங்கள் வீட்டிலும் மாஸ்க் இருந்தால், ஒரு வருடம் பரணில் போட்டுவையுங்கள். பிறகு முடிவு செய்யலாம். அவர் வெட்டியதைத் தவறென்று சொல்ல மாட்டேன். அது அவருடைய முகம்.

மீதிப் பத்தையும் இந்த டிசம்பரில் ஜெனிதான் மாட்டினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசி மாதங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்குக் குழாய் வழியாக அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். இப்போதும் நேரமானால், பஸ்ஸிலோ சர்ச்சிலோ எங்கிருந்தாலும், என் உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. எழுந்த பிறகுதான் போக வேண்டிய இடம் இல்லை என்று தெரிகிறது. மறுபடி உட்காருகிறேன்.