வைஸ்டோர்னுக்குத் தண்ணீர் வார்த்த கோடைகள்

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்துக்குப் பக்கத்தில், பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில், பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை அகதிகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஹைம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். எண்பத்தைந்தில், குளிர் முடியப்போகிற நேரம் நான் அங்கே வந்து சேர்ந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்டத்தின் எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. சாப்பிடலாம், நித்திரை கொள்ளலாம், அகதி வழக்கு முடியும்வரை காத்திருக்கலாம். என் அறையில் இருந்த அண்ணை ஊரில் லொறி ஓட்டியவர். அவர் இதை இப்படிச் சொல்வார்: "எங்களைக் கழட்டி மேசையிலை பரப்பி வைச்சிருக்கிறாங்கள் தம்பி. திருப்பிப் பூட்டத்தான் ஆளைக் காணேல்லை."

இப்படியான பேச்சுகள் என்றால் எனக்கு உயிர். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மிச்சத்தை ஆட்களின் வாயிலிருந்துதான் படித்தேன். ஆனால் ஹைமில் பேச்சும் மெல்ல மெல்ல வற்றிக்கொண்டு வந்தது. ஆளாளுக்குச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தோம். ஒருவனுக்கு என்னால் ஆகவேண்டியது எதுவும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. ஊரில் ஒரு வீட்டுக்கு நான் தேவைப்பட்டேன். இங்கே நான் எழும்பினாலும் ஒன்றுதான், எழும்பாவிட்டாலும் ஒன்றுதான்.

அடுத்த வருடம் மார்ச்சில் நகரசபைத் தோட்டப் பகுதியிலிருந்து ஒரு பெண் சின்ன லொறியில் வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். முழங்கால்வரை சப்பாத்து, மூக்கு நுனியில் சேறு. ஹைம் வாசலில் குழி தோண்டி, இலை ஒன்றுமில்லாத ஒரு மெல்லிய மரத்தை நட்டு, இரண்டு பக்கமும் கட்டை அடித்துக் கட்டினார். கட்டியது தும்புக்கயிற்றால். இந்தக் குளிருக்குள் தென்னந்தும்பு எங்கே இருந்து வந்தது என்று கிட்டப் போய்த் தடவிப் பார்த்தேன். கயிற்றைத்தான் பார்க்கிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மரத்தில் ஆசைப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டார்.

"வைஸ்டோர்ன்," என்றார். வெள்ளை முள் என்று அர்த்தம். தன்னால் அடிக்கடி வர ஏலாது, கோடையில் யாராவது தண்ணீர் ஊற்றுவீர்களா என்று பூவாளியைத் தூக்கிக் காட்டிக் கேட்டார். வாசலில் நாலு பேர் நின்றோம். மற்றவர்கள் விளங்கிக்கொள்ளுமுன் நான் பூவாளியை வாங்கிவிட்டேன்.

அதன் பிறகு விடிந்தால் எழும்ப ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊர்ச் செம்பாட்டு மண், எவ்வளவு வார்த்தாலும் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்கும். கன்று வைத்தால் சுற்றிப் பாத்தி கட்டி, காலையும் மாலையும் நிரப்புவோம். அதே கையால் இங்கேயும் வரம்பு உயர்த்திப் பாத்தி கட்டினேன். மழை பெய்த நாளிலும் வார்த்தேன். அண்ணை மேல் ஜன்னலால் தலையை நீட்டுவார்.

"தம்பி, தோய வாத்து முடிஞ்சுதே? தலையைத் துவட்டிவிடும், தடிமன் பிடிக்கப்போகுது!"

"நீங்களும் இறங்கி வாங்கோவன் அண்ணை, இதுக்கு முதுகு தேய்ச்சு விடலாம்."

"எனக்கு ஆர் தேய்க்கிறது எண்டு முதல் சொல்லும்!"

ஜூனில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. தாகம் என்று நினைத்து மத்தியானமும் ஒரு தரம் வார்த்தேன். பாத்தியில் தண்ணீர் வற்றாமல் நின்றது. இலைகள் ஒவ்வொன்றாக அதன்மேல் விழுந்து மிதந்தன. அண்ணை ஒருநாள் கீழே இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார். பகிடி விடவில்லை.

"உது தப்பாது போலை கிடக்கு," என்றார்.

அவர் பகிடி விடாததுதான் என்னைப் பயப்படுத்தியது. மரம் போனால் அந்த இரண்டு கட்டைகளும் வாசலில் நிற்கும். நான் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

அடுத்த கிழமை தோட்டக்காரப் பெண் வந்தார். அவருடைய ஜேர்மன் மொழி எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். மிச்சத்தை அவருடைய கைகள் சொல்லும். ஆனால் நினைவில் அவர் எங்கள் தமிழில்தான் பேசுகிறார்.

"ஒவ்வொரு நாளும் ஊத்துறனீங்களோ?"

"ஓம். காலமை, மத்தியானம், பின்னேரம்," என்றேன் பெருமையாக.

அவர் தலையில் கையை வைத்தார். பிறகு சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். பாத்திக்குள் கையை விட்டு ஒரு பிடி மண் எடுத்து என் மூக்கடியில் பிடித்தார். அடைபட்ட வாய்க்கால் நாற்றம்.

"இது களிமண். தண்ணி கீழை இறங்காது. வேருக்கு மூச்சு விட வேணும். பசியில்லாதவனுக்குச் சோறு தீத்திக்கொண்டு நிக்கிறீங்கள்."

வரம்பைச் சப்பாத்தால் தட்டி உடைத்தார். மழை இல்லாவிட்டால் கிழமைக்கொரு தரம் மட்டும், ஆறுதலாக, ஆழத்துக்கு இறங்கும்படி ஊற்றவேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் வேர் சோம்பேறியாகி மேலேயே சுருண்டுகொள்ளும். ஊற்றுமுன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கவேண்டும். ஈரம் இருந்தால் ஊற்றக்கூடாது. இலையுதிர் காலத்தில் இலை கொட்டத் தொடங்கினால் குறைக்கவேண்டும். நிலம் உறைந்திருந்தால் ஒரு சொட்டும் கூடாது. குளிர்காலத்தில் மழையும் பனியும் இல்லாமல் நெடுநாள் காய்ந்தால், உறையாத ஒரு நாள் பார்த்துக் கொஞ்சம் கொடுக்கலாம்.

கேட்கச் சுகமாக இருந்தது. செய்வதுதான் பாடு. நாளெல்லாம் சும்மா இருக்கிறவனுக்கு மரத்தையும் சும்மா விடு என்றால் என்ன செய்வது? காலையில் இறங்குவேன், விரலை விடுவேன், ஈரமாக இருக்கும். பூவாளியைத் தட்டிக்கொண்டு நிற்பேன். பிறகு மேலே ஏறுவேன். ஆனால் ஆடி முடிகிற நேரம் கிளை நுனியில் பச்சையாகச் சின்னச் சின்ன இலைகள் வந்தன. அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பரவாயில்லை," என்றார், "உம்மட வைத்தியத்துக்கும் தப்பியிட்டுது."

அந்தக் குளிர்காலம் எனக்கு நீண்டது. மரத்துக்கு என்னால் ஒன்றும் ஆகவேண்டியிருக்கவில்லை.

அடுத்த மே மாதம் அது பூத்தது. வெள்ளை வெள்ளையாக, கொத்துக் கொத்தாக. அன்று பின்னேரம் மாடிப்படியில் அண்ணையின் சத்தம்: "ஆரடா அது எனக்குத் தெரியாமல் கருவாடு பொரிக்கிறது?" குசினியில் ஒருவரும் இல்லை. மணத்தைத் தேடிக்கொண்டே இறங்கினால் வாசலில் வைஸ்டோர்ன். அந்தப் பூவுக்கு அப்படி ஒரு மணம். ஹைம் முழுக்கத் திரண்டு வந்து, முறை வைத்து மணந்து பார்த்தது.

"மாலை கட்டிச் சாமிக்குப் போட ஏலாது," என்றார் ஒருவர்.

"சோத்தைக் கொண்டாங்கோ, பக்கத்திலை வைச்சு மணந்து மணந்து சாப்பிடுவம்," என்றார் அண்ணை.

இருட்டும்வரை அங்கேயே நின்று கதைத்தோம். அந்த வருடங்களில் நான் தனியாக இல்லாத பொழுது என்றால் அதைத்தான் சொல்வேன்.

இலையுதிர் காலத்தில் அண்ணைக்குக் கனடா போக ஒரு வழி கிடைத்தது. "வாறன் தம்பி," என்றார். திரும்பி வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவருடைய கட்டிலுக்கு வந்தவர் வேறு நாட்டுக்காரர். நல்ல மனிதர், எங்களுக்குள் பொதுவாக ஒரு பாஷைதான் இல்லை. மற்றத் தமிழ் ஆட்களும் ஒவ்வொருவராக வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். அந்தக் குளிரில் தமிழில் வாய் திறக்க ஆளில்லாமல் சிலவேளை மரத்தடியில் நின்று ஏதாவது சொல்லிவிட்டு வருவேன்.

மூன்றாவது கோடை தொடங்கும்போது தோட்டக்காரப் பெண் வந்து கயிற்றை வெட்டிக் கட்டைகளைப் பிடுங்கினார். மரத்தை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"வேர் கீழை போயிட்டுது. இனித் தண்ணி வேண்டாம், தானே தேடிக்கொள்ளும். நல்லாய் வளர்த்திருக்கிறீங்கள்."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். பிறகு கேட்டேன்: "மழை பெய்யாவிட்டால்?"

"கிழமைக் கணக்கிலை ஒரு துளியும் விழாவிட்டால் ஊத்துங்கோ."

அன்றிலிருந்து நான் வானத்தைப் பார்க்கத் தொடங்கினேன். நாலு நாள் வெயில் எறித்தால் பூவாளியைக் கழுவி வாசலில் வைப்பேன். ஐந்தாம் நாள் மேகம் கறுத்து மழை கொட்டும். அந்தக் கோடை முழுக்க இப்படியே போனது. ஜன்னலில் நின்றுகொண்டு மழையைத் திட்டுவேன். அறையில் இருந்தவர் ஒருநாள், உடுப்பு ஏதும் வெளியே காய்கிறதோ என்று கையால் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.